காற்கூறு

நன்னூல் பொதுப்பாயிரத்தை வகுப்பில் நடத்துவது நமக்கு எப்போதுமே விருப்பமான வேலை. எழுத்து, சொல் என்று இலக்கணம் இறுகத் தொடங்குவதற்கு முன்னால், பவணந்தி முனிவர் நம்மோடு திண்ணையில் அமர்ந்து உரையாடுவதைப் போன்ற பகுதி அது. யார் ஆசிரியர், யார் ஆசிரியர் ஆகாதவர், எப்படிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவர், மாணாக்கரைப் பற்றிய இடத்தில் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவுதான் ஊன்றிக் கேட்டாலும் கைக்கு வருவது காற்கூறுதான். அதே வேலையில் இருப்பவர்களோடு கூடிப் பயில்வதில் இன்னொரு கால் வரும். மிச்சமிருக்கும் அரை, பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

இந்த இடம் வந்ததும் மாணவர்கள் சிரிப்பார்கள். "அப்படியானால் நாங்கள் நூற்றுக்கு இருபத்தைந்து எடுத்தால் போதும் அல்லவா ஐயா?" என்று யாராவது கேட்காத ஆண்டு இல்லை. நாமும் சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்கு நகர்வோம். ஆனால் இந்தக் கணக்கு எத்தனை கறாரானது என்பதைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கல்லூரிக்கு வெளியில்தான் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் இரவு ஏழு மணிக்கு மேல் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்காக 2023இல் நடந்த ஓர் இணையவழிப் பயிற்சி அது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். குழும நண்பர் ஒருவர் தூண்டியதால் இப்போது கைகூடுகிறது.

முதியோர் கல்வி என்ற பெயரோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கம், அதன் வழியே மாவட்டந்தோறும் எழுந்த அறிவொளி, 2009இன் சாக்ஷர் பாரத் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பின்னர் வந்தது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 1037.90 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வகுக்கப்பட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஐந்து கோடிப் பேருக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிப்பது இலக்கு. 'வயது வந்தோர் கல்வி' என்ற பெயரையே விட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று அழைப்பதாகவும் ஒன்றிய அரசு முடிவு செய்தது. பெயர் எதுவானாலும் ஆள் அதே ஆள்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர் 73.44 விழுக்காடு. மீதிப் பேரைப் பேருந்து நிறுத்தங்களில் நாம் நாள்தோறும் சந்திக்கிறோம். "தம்பி, இது கீரனூர் போற வண்டியா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஊர் தெரியாமல் இல்லை, பலகைதான் தெரியாது.

இத்திட்டத்தில் கற்பிப்பவருக்கு ஊதியம் கிடையாது. வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், தையல் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் மையம் நடத்தும் பிள்ளைகள். ஒருவர் ஊருக்கும் இன்னொருவர் ஊருக்கும் இருபது கிலோமீட்டர் இருக்கும். பகலில் எல்லாருக்கும் வேலை. இவர்களை ஓரிடத்தில் கூட்டுவது எளிதன்று. ஆகவே பயிற்சி கைப்பேசிக்கு வந்தது இயல்பே. அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை.

நடத்திய அமைப்பு எது என்பது இங்கே வேண்டாத விவரம். தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் மொழி தொடர்பான ஐயங்களுக்கு விடை சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள், நாம் ஒப்புக்கொண்டோம். ஐந்து நாள் மாலை, நாளுக்கு இரண்டு மணி நேரம் சூம் வகுப்பு. அதற்கு மேல் வீட்டில் பார்த்துக்கொள்ளக் காணொளிகள். ஒவ்வொரு காணொளியின் இறுதியிலும் பத்துக் கேள்விகள். எல்லாவற்றையும் முடித்தால் சான்றிதழ். (சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழெழுத்துக் கற்பிக்கும் பயிற்சி பெற்றார் என்பதைத் தமிழில் அச்சடித்திருக்கலாம். போகட்டும்.)

முதல் நாள் வகுப்பு தொடங்கியபோது தொண்ணூறு பேர் இணைந்திருந்தார்கள். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது; ஒரு வீட்டில் குழந்தை அழுதது; இன்னொரு வீட்டில் மாமியார் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். பயிற்றுநர் பொறுமைசாலிதான். ஆனாலும் என்ன செய்வார்? எல்லாரையும் ஒரே அழுத்தில் ம்யூட் செய்தார். சட்டென்று அமைதி. அதன் பிறகு ஐந்து நாளும் அந்த அமைதி கலையவில்லை. வயது வந்தோரிடம் எப்படிப் பேச வேண்டும், அவர்களைப் பேச விட வேண்டும், அவர்கள் அனுபவத்தை மதிக்க வேண்டும் என்றெல்லாம் அருமையாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த தொண்ணூறு வயது வந்தோரும் வாய் கட்டப்பட்டிருந்தார்கள்.

நன்னூலார் ஆசிரியர் ஆகாதவர்களுக்குச் சில உவமைகள் சொல்லியிருக்கிறார். அவற்றுள் ஒன்று மடல் நிறைந்த பனை. மட்டைகள் சூழ்ந்திருப்பதால் யாரும் ஏறிப் பறிக்க முடியாது. தானாகப் பழத்தை உதிர்க்கும்போது பொறுக்கிக்கொள்ளலாம். பதிவு செய்த காணொளியை நாம் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியுமா? பழம் நல்ல பழம்தான். எப்போது விழும், எதற்காக விழும் என்பது பனையின் விருப்பம். இன்னோர் உவமை குடுவையில் அடைத்த பஞ்சு. சிறிது சிறிதாகத் திணித்தார்கள்; பத்துக் கேள்விகளுக்கு விடையாகச் சிறிது சிறிதாகப் பிய்த்து எடுத்தார்கள்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அதே நன்னூலார், ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் எடுத்துச் சொல்லவே வந்துவிடும் என்கிறார். நேரில் நடக்கும் வகுப்பில் மூன்று முறை சொல்லும் ஆசிரியர் யார்? காணொளி சலிக்காமல் சொல்கிறது. இலுப்பூர்ப் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர், குழந்தை தூங்கிய பிறகு போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு எண்கள் பற்றிய பாடத்தை நான்கு முறை கேட்டதாகச் சொன்னார். இரவில் வீட்டை விட்டு வெளியே போக இயலாத பெண்ணுக்கு இது சாதாரணக் கொடையன்று. காற்கூறுக்குரிய வேலையை அந்தக் காணொளிகள் செவ்வனே செய்தன. நம் வழக்கு, காலை முழுதென்று எண்ணிச் சான்றிதழ் கொடுத்ததன் மேல்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியபோது நமக்குப் பன்னிரண்டு வயது. மூத்த அக்கா தன்னார்வலராகப் போனார். அப்போதைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி பழகுவதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கியிருந்தார் என்பது பலர் அறிந்த செய்தி, பி. சாய்நாத் எழுதியதன் வழியாக ஊர் கடந்தும் பேசப்பட்டது. அக்காவும் வாடகை மிதிவண்டியில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பழகினார். மிதிவண்டி பெண்களுக்குத் தந்த விடுதலை என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த மிதிவண்டி அக்காவை எங்கே கொண்டுபோனது என்பதை நாம் இப்போதுதான் யோசிக்கிறோம். தம் மையத்துக்கு அவர் நடந்தே போகலாம், அடுத்த தெருதான். மிதிவண்டி அவரைக் கொண்டுபோனது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. சுற்றுப்பட்டுத் தன்னார்வலர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மரத்தடியில் கூடுவார்கள். போய்விட்டு வந்தால் அக்காவிடம் இரண்டு புதிய பாட்டு இருக்கும். நாலு கதை இருக்கும். "அந்த ஊர்ல ஒருத்தி ட வரைய மாட்டேங்குறாளாம். கதிர் அரிவாளை வச்சுக் காட்டினாளாம், உடனே வரைஞ்சுட்டாளாம்" என்பார். மறுநாள் அக்காவின் மையத்துக்கும் ஓர் அரிவாள் போகும். அரிவாளுக்கும் ட எழுத்துக்கும் என்ன ஒற்றுமை என்று நமக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, படித்தவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

அறிவொளிப் பாடநூல் அ, ஆ என்று தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டா, படி என்று தொடங்கியது. ட, ப என நேர்க்கோட்டில் கையை இழுத்தால் வந்துவிடும் எழுத்துகள் முதலில். அத்தோடு, நிலமில்லாதவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் ஒரு சொல். பிரேசில் நாட்டில் 1963இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்க முனைந்த பாவ்லோ ஃப்ரெய்ரேயும், கற்போர் வாழ்க்கையில் கனம் கொண்ட சொற்களைத் தேடி எடுத்தே தொடங்கினார். மறு ஆண்டு இராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் வைத்தார்கள். சொற்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு? புதுக்கோட்டை அறிவொளியை ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, கையெழுத்துப் பழகியவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எடுத்துச் சென்றதைப் பற்றி விரிவாகவே பேசுகிறார்.

நிற்க. 2023க்குத் திரும்புவோம்.

பயிற்சிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வகுப்புக்கான இணைப்பை அனுப்பவும் வருகையைக் குறிக்கவும் தொடங்கியது. மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அதில் ஒரு குரல்பதிவு வந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். அழுதுவிடுவது போன்ற குரல். தம் மையத்தில் ஏழு பேர், அதில் நான்கு பேருக்கு எத்தனை முறை காட்டினாலும் எழுத்து நிற்கவில்லை, ம காட்டினால் ப என்கிறார்கள், "எனக்கு ஏறாது ஆத்தா, மண்டையெல்லாம் களிமண்ணு" என்று சிலேட்டைத் தள்ளி வைக்கிறார்கள், தாம் இதற்கு லாயக்கில்லை, இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருக்கிறேன் என்றார்.

பயிற்றுநர் அன்றிரவே நல்ல சொற்களில் ஊக்கம் சொல்லி எழுதினார். பொறுமை வேண்டும், நான்காம் பாடத்தை மறுபடி பாருங்கள் என்றார். நாமும் எழுத்துகளின் வடிவ ஒற்றுமை பற்றி ஏதோ எழுதத் தொடங்கியிருந்தோம். அதற்குள் தையல் கடை வைத்திருக்கும் தன்னார்வலரின் குரல் வந்தது. "அவங்களுக்கு வயசு என்னம்மா?" நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை என்று பதில். "நாளைக்கு ஊசியும் நூலும் எடுத்துட்டுப் போ. பொத்தான் தைக்கணும், கோத்துக் குடுங்கன்னு கேளு. கையை நீட்டி ஊசியைத் தூரத்துல பிடிக்கிறாங்களான்னு பாரு."

மறுநாள் இரவு விடை வந்தது. நான்கு பேரும் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துத் தடவியிருக்கிறார்கள். வெள்ளெழுத்து.

இந்தச் சொல்லைப் பற்றி நாம் எத்தனையோ முறை வியந்ததுண்டு. நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளது மங்குவதை, வெள்ளையில் வெள்ளையாக எழுதியதைப் போல எழுத்தே தெரியாமல் போவதை, தமிழ் ஒரே சொல்லில் பிடித்து வைத்திருக்கிறது. எழுத்தை வைத்தே பெயர் பெற்ற நோய் என்பதால், எழுத்துத் தெரிந்தவர்களுக்குத்தான் அது வருவது தெரியும். செய்தித்தாளை நீட்டிப் பிடிக்கும் நாளில் நமக்குத் தெரிந்துவிடும். நாமும் இரண்டாண்டுகளுக்கு முன் கண்ணாடி வாங்கிவிட்டோம். செய்தித்தாளே பிடிக்காதவருக்கு எப்படித் தெரியும்? மாடு தெரிகிறது, வயல் தெரிகிறது, வருகிற ஆள் தெரிகிறது. தம் கண் நன்றாக இருக்கிறது என்றே எண்ணுவார். சிலேட்டைக் கையில் வாங்கும் நாளில் எல்லாம் கலங்கலாகத் தெரியும். படிப்பு என்றாலே இப்படித்தான் இருக்கும் போலும், நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று கருதிக்கொள்வார். இருபத்திரண்டு வயது ஆசிரியைக்கு அந்தக் கலங்கல் தெரிய வழியே இல்லை. ஐந்து நாள் பாடத்திட்டத்தில், வயது வந்தோரின் உளவியல் பற்றி ஒரு முழுக் காணொளி இருந்தது. வயது வந்தோரின் கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பிறகு கண் பரிசோதனை முகாம் எங்கே எப்போது என்று அஞ்சல்காரர் விசாரித்துச் சொன்னார். இன்னொருவர், முகாம் வரும் வரையில் பலகையில் எழுத்தை உள்ளங்கை அகலத்துக்கு எழுதி எட்ட நின்று பார்க்கச் சொல்லலாம் என்றார். குண்டு பல்பை மாற்றுங்கள் என்றார் வேறொருவர். அன்றிலிருந்து அந்தக் குழு வேறு குழுவாகிவிட்டது. வகுப்பில் வாய் கட்டப்பட்டிருந்தவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் பேசத் தொடங்கினார்கள். பெரும்பாலும் குரல்பதிவுகள். கதவுக்கு வெளியே நின்று, கிணற்றடியில் நின்று, அடங்கிய குரலில்.

நமக்கும் ஒருமுறை வேலை வந்தது. ஒரு மையத்தில் அறுபத்தாறு வயது அப்பத்தா. மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு மாடு மேய்க்கப் போனவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பென்சில் தொடவில்லை. 'மலை' என்று எழுதச் சொன்னபோது, லகரத்தின் தலையில் யானைத் துதிக்கையைப் போல ஒரு சுழியை ஏற்றி எழுதினாராம். தன்னார்வலர் அதைத் தப்பென்று அடித்துவிட்டு லை என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

குழுவில் படம் வந்ததும் நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் வரையில் அதுதான் சரியான லை. பெரியார் பல்லாண்டுகளாகத் தம் இதழ்களில் கையாண்டு வந்த வடிவங்களுள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய பதின்மூன்றை அரசு ஏற்றுக்கொண்டது. அப்பத்தா பள்ளியை விட்டது அதற்கு வெகு காலம் முன்பு. அவர் எழுதியது பிழையன்று. அவரைக் கேட்காமல் எழுத்து மாறிவிட்டது, அவ்வளவே. இதை நாம் எழுதினோம். தன்னார்வலர் அன்றிரவே போய்ச் சொல்லியிருக்கிறார். "மாத்துனவங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்ருக்கலாம்ல?" என்று கேட்டாராம் அப்பத்தா. மறுநாள் வந்துவிட்டார். ஐம்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்த ஒரே எழுத்தை நாம் சிவப்பு மையால் அடித்தால் வேறு எதைக் கொண்டு அவர் திரும்பி வருவார்? பின்னர் அவர் இரண்டு வடிவத்தையும் எழுதிக் காட்டி மற்றவர்களுக்குப் பழைய எழுத்துப் பாடம் நடத்தியதாகக் கேள்வி.

எல்லா உரையாடலும் இப்படி ஒளிவீசியது என்று சொல்ல மாட்டோம். காலை வணக்கப் படங்கள் வந்தன. கோயில் திருவிழா நன்கொடைச் சீட்டு வந்தது. 'வூடு' என்று சொல்பவரை 'வீடு' என்று எழுத வைப்பது எப்படி என்பதில் இரண்டு நாள் சண்டை, முடிவில்லாமல் நின்றது. சொல்வது ஒன்றும் எழுதுவது ஒன்றுமாக இருக்கும் மொழியில் இதற்குச் சுலபமான வழி நமக்கும் தெரியாது. சீட்டுப் பிடித்து வட்டிக் கணக்கை வாயாலேயே சொல்லும் பெண்மணியை ஒன்று, இரண்டு எழுத வைத்துப் பொறுமை சோதிக்க வேண்டுமா என்பதற்கு மட்டும் எல்லாரும் ஒரே குரலில் விடை சொன்னார்கள்: ரூபாய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஓர் ஊரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மையம் நடக்கும் வீட்டுத் திண்ணையில் தினமும் வந்து உட்காருவார். உள்ளே வர மாட்டார். கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்பார். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். கற்பிப்பவர் அவர் மருமகள் வயதுப் பெண். எப்படி உள்ளே அழைப்பது என்று குழுவில் கேட்டார் அந்தப் பெண். ஊர்ப் பெரியவரை விட்டுக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். ஆண்களுக்குத் தனி நேரம் வைக்கலாம் என்றார் இன்னொருவர். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது: "அவரைக் கூப்பிட வேண்டாம் அக்கா. பலகையைத் திண்ணைப் பக்கம் திருப்பி வையுங்கள்."

இதை எழுதியவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த ஒரு வரிக்கு ஈடான ஒன்றை நாம் கற்பித்தலியல் நூல்களில் படித்ததில்லை. பலகை திரும்பியது. ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் திண்ணையிலிருந்தே, "அந்தக் கடைசி எழுத்துச் சரியா விழலை பாரும்மா" என்று குரல் கொடுத்தாராம்.

ஆறு வாரம் ஆனது. திட்டக் காலம் முடிந்தது. சான்றிதழ்கள் அனுப்பப்பட்டன. அன்றே குழுவில் ஓர் அறிவிப்பு: பயிற்சி இனிதே நிறைவுற்றது, பங்கேற்ற அனைவருக்கும் நன்றி, இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப இயலும். பொத்தானை அழுத்திவிட்டார்கள். மீண்டும் அமைதி.

நாம் தொலைபேசியில் பேசிப் பார்த்தோம். பொறுப்பாளர் இனிமையாகவே பேசினார். குழுவில் வேண்டாத செய்திகள் வருகின்றன, கண்காணிக்க ஆள் இல்லை, அறிக்கை கொடுத்தாகிவிட்டது என்றார். தொண்ணூறு பேரில் எத்தனை பேர் காணொளிகளை முடித்தார்கள், எத்தனை மதிப்பெண், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அறிக்கையில் இருந்தது. குரல்பதிவுகள் அதில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ஊசியும் நூலும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இணையவழிப் பயிற்சி என்றதும் பாடத்தை எப்படி அனுப்புவது என்பதிலேயே எல்லாருடைய கவனமும் போய்விடுகிறது. காணொளி தெளிவாக இருக்கிறதா, சான்றிதழ் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாடம் அனுப்ப அஞ்சல் இருந்தது, வானொலி இருந்தது. இருபது கிலோமீட்டர் இடைவெளியில் தனித்தனியே பல்பு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரை இரவு பத்து மணிக்கு ஒரே மரத்தடியில் சேர்க்க முன்பு எந்த வழியும் இல்லை. அக்காவுக்கு மிதிவண்டி செய்த வேலையை இப்போது கைப்பேசி செய்யக்கூடும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் ம்யூட்டை எடுத்துவிட வேண்டும். பயிற்றுநர் அந்த ஒரு மணி நேரம் கேட்பவராக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் குழு திறந்திருக்க வேண்டும். ஊதியமில்லாமல் வேலை செய்பவர்களிடம் இரண்டாம் காலையும் பிடுங்கிக்கொண்டால், அவர்கள் எதை நம்பி மையத்தைத் திறப்பார்கள்?

தையல்காரர் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாளே புதிய குழு ஒன்றைத் தொடங்கிவிட்டார். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், நம்மையும் சேர்த்துக்கொண்டார். முகப்புப் படமாக ஊசியும் நூலும். நிறுத்திக்கொள்வதாகச் சொன்ன இருபத்திரண்டு வயதுப் பெண் அதில் இருக்கிறார். திருமணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டதால் மையம் நடத்தவில்லை. ஆனால் யாருக்காவது எழுத்து நிற்கவில்லை என்று குரல் வந்தால், முதல் ஆளாக "வயசு என்ன?" என்று கேட்பவர் அவர்தான்.

சென்ற வாரம் ஒரு படம் வந்தது. கற்போரில் ஒருவர் தம் மாமனார் காலத்துப் பத்திரத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, "நீ சொல்லிக்குடுத்த எழுத்தெல்லாம் இதுல இருக்கு. ஆனா இதெல்லாம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். ௵, ௴, ௸ என்று வரிக்கு ஒரு குறி. பி.எட். படித்த தன்னார்வலருக்கும் தெரியவில்லை. வருடம், மாதம், மேற்படி என்று நாம் எழுதினோம். மேற்படி என்றால் என்ன என்று மறு கேள்வி வந்தது. முன்னால் சொன்ன அதே ஆள், அதே ஊர், அதே நிலம் என்று விளக்கினோம். மறுநாள் குரல்பதிவில் அந்த அம்மாள், விரலை வைத்து வைத்து, மேற்படி வந்த இடத்தில் எல்லாம் தம் மாமனார் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்.

அதிலிருந்து மூன்று மையங்களில் பெட்டி திறந்திருக்கிறார்கள். பத்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நேற்றிரவு வந்ததில் மை மங்கிவிட்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நான்காம் வரியில் இருப்பது நஞ்சையா புஞ்சையா என்று இன்னும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.